பழுதாகிற நாளுக்கு ஒரு கொம்பியூட்டர்

எங்கட பக்கத்தில் வீட்டுக்குக் கொம்பியூட்டர் எடுக்கப்போகிற எவரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "ஐ5 எடுக்கிறதா, ஐ7 எடுக்கிறதா?" மட்டக்களப்பு டவுனில் தெரிந்தவர்கள் மறித்துக் கேட்பதும் இதுதான், லண்டனிலிருந்து காசு அனுப்புகிற சித்தப்பா வாட்ஸ்அப்பில் கேட்பதும் இதுதான். ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் சொன்ன பிறகு மனம் ஒப்பாது. ஐ5, ஐ7 என்கிற புரொசசரைப் பற்றி, கொம்பியூட்டரின் மூளையைப் பற்றி, இவ்வளவு கவலைப்படுகிற மனிசர், பிளக் பொயின்டில் எர்த் இருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்திராத வீட்டில் அதைக் கொண்டுபோய் வைக்கப்போகிறார். இந்த எரிச்சல் கனகாலமாக உள்ளுக்குள் கிடந்தது. அக்கா குடும்பத்துக்கு ஒரு கொம்பியூட்டர் எடுத்துக்கொடுக்கிற பொறுப்பு தலையில் விழுந்தபோதுதான், எனக்கு எரிச்சல் எதன் மேல் என்பதே பிடிபட்டது.

அக்கா களுவாஞ்சிகுடியில் இருக்கிறா. ஆசிரியை. தவணைப் பரீட்சை வந்தால் வினாத்தாள் அடிக்கிற வேலை முழுக்க அவவின் தலையில்தான். பாமினி என்கிற தமிழ் எழுத்துருவில் வேகமாக அடிக்கத் தெரிந்தவ என்று பெயர் எடுத்துவிட்டதால் மற்ற ஆசிரியர்மாரின் தாள்களும் வீடு தேடி வரும். மூத்த மருமகள் உயர்தரத்துக்கு ஐசிடி எடுத்திருக்கிறாள், பைதனும் மைஎஸ்கியூஎல்லும் வீட்டில் செய்து பார்க்க வேண்டும். சின்னவனுக்கு கேம். அத்தானுக்கு இரவில் யூடியூப். நாலு பேருக்கும் ஒரே மெசின். கையில் இருப்பது ஒன்றே முக்கால் லட்சம், அதற்கு மேல் ஒரு சதமும் கேட்கக்கூடாது என்று அத்தான் முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஐ7 மயக்கம்

அத்தான் தானே ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தார். கல்முனையில் ஒரு கடையில், வெளிநாட்டு ஒஃபிஸ்களில் பாவித்துக் கழித்த பிராண்டட் பெட்டி. ஒடுக்கமான, அழகான பெட்டி. ஐ7-4770, 16 ஜிபி ரேம், கூடவே 22 அங்குல மொனிட்டர். எல்லாம் சேர்த்தும் எங்கள் கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். "மச்சான், புதுசா ஐ3 வாங்கிற காசில பாதிக்கு ஐ7 வருது. இதுக்கு மேல என்ன யோசனை?" என்றார். நியாயமான கேள்வி. இந்த மாதிரிப் பெட்டிகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் நானும் அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

முதலில் நான் பேசியது எல்லாரும் பேசுகிற கதைதான். ஐ7 என்பது ஒரு வகுப்புப் பெயர், அது எந்த வருசத்து வகுப்பு என்று பார்க்க வேண்டும். 4770 வந்தது 2013இல். அதில் 4 கோர், அதாவது வேலை செய்கிற நாலு மூளை; ஒரே நேரத்தில் பார்க்கிற வேலை வரிசை, அதாவது த்ரெட், 8. 2022 தொடக்கத்தில் வந்த ஐ3-12100இலும் 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் பழையதை வெகுதூரம் முந்திப்போய்விட்டது, கரண்டும் குறைவாகத்தான் இழுக்கும். அதோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வழமையான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெலில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். 4ஆம் தலைமுறைக்காரரை அது வாசலிலேயே நிறுத்திவிடும். குறுக்கு வழிகள் உண்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான உபுண்டு போடலாம், ஆனால் பாமினி தாள்களோடு மல்லுக்கட்டுகிற அக்காவிடம் உபுண்டுவைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

அத்தான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அப்டேட் வராட்டி என்ன, ஓடும்தானே?" ஓடும். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. வேகத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், வினாத்தாள் அடிக்கவும் யூடியூப் பார்க்கவும் அந்தப் பழைய ஐ7 போதும் என்பது உண்மைதான்.

அக்கா கேட்டது

எல்லாருமாகச் சேர்ந்து கல்முனைக்குப் போனோம். கடைக்கார நானா பெட்டியை மேசையில் வைத்து, மூடியைக் கழற்றி, "பாருங்க டீச்சர், தூசு ஒண்டும் இல்ல" என்று காட்டினார். உள்ளே சுத்தம்தான். நான் ஃபேனைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன், அத்தான் காசைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார். அக்கா கொஞ்ச நேரம் உள்ளுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நேரே நானாவிடம் கேட்டா: "இது பழுதாப்போனா இஞ்ச ஆரு திருத்துவாங்க? சாமான் எங்க எடுக்கிற?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. வீட்டில் இருந்த பழைய கொம்பியூட்டர் தவணைப் பரீட்சைக்கு முந்தின கிழமை செத்துப்போனது. திருத்தக் கொடுத்த இடத்தில் மதர்போட்டைக் கழற்றி பஸ்ஸில் பார்சல் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வருவதற்குள் பரீட்சையும் முடிந்து புள்ளியும் போட்டாகிவிட்டது. அந்தத் தவணை அக்கா கையால் தாள் எழுதி, ஃபோட்டோ கொப்பி அடித்துக் கொடுத்தா. எனக்கு அது காதில் விழுந்த செய்தி. அவவுக்கு அது இரவிரவாக நித்திரை முழித்த அனுபவம்.

நானா நேர்மையான மனிசர். பவர் சப்ளையைத் தொட்டுக் காட்டினார். அது கடையில் தொங்குகிற சாதாரணப் பெட்டி மாதிரி இல்லை. நீளமாக, ஒடுக்கமாக, அந்தக் கேசிங்குக்கென்றே வார்த்தது. போட்டுக்குப் போகிற பெரிய பிளக்கை இழுத்துக் காட்டினார். சாதாரணமாக 24 பின் இருக்க வேண்டிய இடத்தில் 8 பின்தான் இருந்தது. "போட் லேசில போகாது டீச்சர், நல்ல சாமான். ஆனா பவர் சப்ளை போனா இஞ்ச இல்ல. கொழும்பில இதே மொடல் கழட்டினது கிடைச்சாத்தான்." 24 பின்னை 8 பின்னாக்குகிற மாற்று வயர் இணையத்தில் விற்கிறார்கள் என்று நான் சொன்னேன். "வயர் சரி தம்பி, இந்த ஒடுக்கத்துக்க நம்மட பவர் சப்ளைய எங்க வெக்கிற? வெளிய தொங்கவிடுறதா?" என்றார். அத்தானே சிரித்துவிட்டார்.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் தலைகீழாகத் திரும்பியது. நாங்கள் இவ்வளவு நாளும் கொம்பியூட்டரை அது ஓடுகிற நாட்களை வைத்தே தேர்ந்துகொண்டிருந்தோம். குடும்பக் கொம்பியூட்டர் என்பது வாங்கிய நாளில் மூடினால், பழுதாகிற நாள் வரைக்கும் யாரும் திறக்காத பெட்டி. அது செத்துப்போகிற அந்த ஒரு கிழமையில் களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு என்ன செய்யலாம் என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு சாமானையும் பார்க்க வேண்டும். எது போனாலும் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ அன்றைக்கே எடுத்து மாட்டக் கூடியதா? எதைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், எதை வாங்கின பிறகு ஒருவரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்? பின்னால் கூட்டிக்கொள்ளக் கூடியதில் இப்போது சிக்கனம் பிடிக்கலாம். ஒருவரும் திரும்பிப் பார்க்காததில் காசை இறுக்கக்கூடாது.

சுவரிலிருந்து தொடங்கினால்

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் முதலாவது இடத்துக்கு வருவது பவர் சப்ளை. வழக்கமாக அது பட்டியலிலேயே இராது. "கேசிங்கோட வரும்" என்பார்கள். வரும்தான். அப்படி வந்த ஒன்றை நானாவின் கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 500 வொட். பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற சின்ன அட்டவணையில் 12 வோல்ட் லைனுக்கு 18 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வொட். இந்தக் காலத்து புரொசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது கிட்டத்தட்ட முழுக்க அந்த 12 வோல்ட்டில் இருந்துதான்; ஆக அந்த 500இல் பாதிக்கு மேல் வெறும் எழுத்து. பக்கத்தில் இருந்த கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் புரொன்ஸ் முத்திரை உள்ள 450 வொட் ஒன்றை மற்றக் கையில் தூக்கினால் நிறையிலேயே வித்தியாசம் தெரிந்தது. அதன் அட்டவணையில் 12 வோல்ட் லைனின் பெறுமதி மொத்த வொட்டுக்கு ஒட்டி நின்றது.

ஐ3 போட்ட மெசின் முழுக்கவும் சேர்ந்து 150 வொட்டைக்கூட எட்டாது, பிறகேன் இந்தச் செலவு என்று அத்தான் கேட்டார். வொட்டுக்காக இல்லை. அதே லேபலில் இன்னொரு வரி இருக்கிறது, உள்ளே வருகிற கரண்டுக்கான வரி. சிலதில் 200–240 வோல்ட் என்றிருக்கும், சிலதில் 100–240 என்றிருக்கும். எங்கள் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், ஆனால் அக்கா வீட்டு ஒழுங்கை ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து கடைசி. பின்னேரம் எல்லா வீட்டிலும் ஃபேனும் மோட்டரும் போடுகிற நேரம் லைட் மங்கும், ஃபேன் சோம்பிச் சுற்றும். 200க்குக் கீழே இறங்கினால் முதலாவது வகை கைவிட்டுவிடலாம், இரண்டாவது வகை ஒன்றும் நடக்காதது போல ஓடும். 80 பிளஸ் முத்திரை மட்டும் இதற்குப் போதாது, அந்த முத்திரையோடு 200–240 உள்ளதும் விற்கிறார்கள். லேபலைத்தான் வாசிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் சுவர். அக்கா வீட்டில் பழைய கொம்பியூட்டரின் கேசிங்கில் கை பட்டால் சுள்ளென்று சாடையாக ஏறும். பிள்ளைகள் செருப்புப் போட்டுக்கொண்டு இருக்கப் பழகிவிட்டார்கள். பவர் சப்ளையின் வாசலில் இருக்கிற சின்னக் கெப்பாசிட்டர்கள் இரைச்சலை எர்த்துக்கு இறக்குவதற்காக வைத்தவை. எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு கேசிங்கில் தேங்கி நிற்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் வயரிங் சரியில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இரண்டு பின் பிளக்கைச் செருக எர்த் ஓட்டைக்குள் பேனையை விட்டுத் திறக்கிற பழக்கம் எங்களில் யாருக்கு இல்லை? எலக்ரீசியனைக் கூப்பிட்டு அந்தப் பொயின்ட்டுக்கு எர்த் எடுத்தோம், ட்ரிப் சுவிட்ச்சும் அழுத்திப் பார்த்தோம். புரொசசரில் ஒரு படி ஏறுகிற காசைவிட அதற்குக் குறைவாகத்தான் முடிந்தது.

யூபிஎஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டில் கிடந்தவர்கள் நாங்கள். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்ட 2025 பெப்ரவரி 9ஆம் திகதியையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் வீட்டுக்கு 650 விஏ யூபிஎஸ் எடுப்பது மின்வெட்டில் வேலை செய்ய அல்ல, சேவ் பண்ணி மூடுவதற்குத்தான். உள்ளே இருப்பது 12 வோல்ட் ஈய பற்றரி, சில வருசத்தில் அது சோரும். அப்போது யூபிஎஸ்ஸை எறியாமல் பற்றரியை மட்டும் மாற்றலாம். அந்த அளவுப் பற்றரி எங்கள் ஊர்களிலேயே கிடைக்கிறது, அதனால் அதுவும் பரீட்சையில் பாஸ்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு மட்டும் எந்தச் சாமானும் உத்தரவாதம் இல்லை. பிளக்கைக் கழற்ற வேண்டியதுதான். பழைய செப்புத் தொலைபேசி லைன் வழியாக ரவுட்டருக்கு வந்து, அதிலிருந்து நெட்வேர்க் வயரில் போட்டுக்குள் இறங்கிய மின்னல்கள் எங்கட எழுவான்கரைப் பக்கத்தில் எத்தனையோ கொம்பியூட்டரைத் தின்றிருக்கின்றன. ஃபைபர் வந்த வீட்டில் அந்த வாசல் அடைபட்டுவிட்டது. மற்றவர்கள் வைஃபையோடு நிற்பது நல்லது.

மிச்சச் சாமான்கள்

இதன் பிறகு புரொசசர் தேர்வு தேநீர் குடிக்கிற நேரத்தில் முடிந்தது. ஐ3-12100, பெட்டிச் சாமான், ஃபேனும் கூட வரும். ஒரு கடையின் விலைப்பட்டியலில் இதே நம்பர் கொஞ்சம் மலிவாகக் கிடந்தது; பார்த்தால் கடைசியில் ஒரு 'எஃப்' ஒட்டியிருந்தது. அந்த எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, தனிக் கார்ட் போடாமல் திரையில் ஒன்றும் வராது. கார்டும் இல்லாத பட்டியலில் அதைப் போட்டுக் கொடுத்தவருக்கு என்ன நினைப்போ தெரியாது. சின்னவன் ஏஎம்டியின் ரைசன் 5600ஜி புரொசசர் கேட்டான், கேமுக்கு அதன் உள் கிராஃபிக்ஸ்தான் பலம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பலம் வெளியே வருவதற்கு ரேம் இரண்டாக, சோடியாக வேண்டும். ரேம் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

மதர்போட் எச்610, டிடிஆர்4 ரேம் போடுகிற வகை. இதே எச்610 டிடிஆர்5க்கும் வருகிறது, ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது, கேட்டு வாங்க வேண்டும். எனக்கு அந்தப் போட்டில் பிடித்தது ஒரு பழங்காலச் சங்கதி: பின்னால் நீல நிற விஜிஏ வாசல் இன்னும் இருக்கிறது. அதனால் வீட்டில் இருந்த பழைய 19 அங்குல மொனிட்டரை அப்படியே பூட்டினோம், அந்தக் காசு யூபிஎஸ்ஸுக்கும் பவர் சப்ளைக்கும் போனது. கண்ணுக்கு நல்லது புது ஐபிஎஸ் மொனிட்டர்தான் என்று நான் இப்போதும் சொல்லுவேன், ஆனால் மொனிட்டர் பின்னால் வாங்கக் கூடிய சாமான்.

எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி 500 ஜிபி, வேகம் கூடிய என்விஎம்இ வகை. அதைவிட வேகம் குறைந்த சாட்டா வகையை எடுத்திருந்தாலும் அக்காவுக்கு வித்தியாசம் தெரிந்திராது, விலையில் பெரிய இடைவெளி இல்லாததால் இதை எடுத்தோம். காசு கொடுத்தாலும் திரும்பி வராத ஒன்று இருப்பது இதற்குள்ளேதான், சாமத்தியவீட்டுப் படமும் வருசக்கணக்கான வினாத்தாள்களும். செத்த கொம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருந்தது. அதைப் புதியதிலும் மாட்டி, கொப்பி எடுத்து வைக்க மருமகளைப் பழக்கியிருக்கிறேன்.

கைக்குள் அடங்குகிற மினி பிசியைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே அளவுகோல்தான். என்100 புரொசசர் போட்டவை மலிவு, சத்தமில்லை, கரண்டும் சொட்டுத்தான் குடிக்கும். டவுனில் தனி ஆளுக்கு நான் தாராளமாகச் சொல்லுவேன். ஆனால் புரொசசர் போட்டோடு ஒட்டி வருவதால் ஒன்று போனால் எல்லாம் போனது.

கேசிங் சின்னவனின் விருப்பம், கண்ணாடிக் கதவோடு. நான் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: பின்பக்கத்து ஓட்டைத் தகடுகள் எல்லாம் இருக்க வேண்டும், மற்ற ஓட்டைகளுக்கு வலை இருக்க வேண்டும். எறும்பு சூட்டைத் தேடி வரும், பல்லி எறும்பைத் தேடி வரும், பல்லி பவர் சப்ளைக்குள் போய்க் குறுக்கே கிடந்து தானும் கருகிப் பெட்டியையும் கருக்கும். இது கதையல்ல, திருத்துகிற எந்தப் பொடியனிடமும் கேட்டுப் பாருங்கள். கடல் ஒரு பக்கம் வாவி மறுபக்கம், உப்புக் காற்றில் யூஎஸ்பி வாசல் பச்சை பிடிப்பதை நிறுத்த வழியில்லை, ஜன்னலோரத்தில் வைக்காமல் இருக்கலாம்.

கடைசியில் ரேம். 2025 கடைசி மாதங்களிலிருந்து ரேம் ஏறுகிற விலையைப் பார்த்தால் தங்கக்கடையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஏஐக்காரரின் டேட்டா சென்டர்களுக்கு மெமரி விற்பதில் லாபம் கூட என்று செய்கிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள், அதன் சூடு கல்முனைக் கடை வரைக்கும் வந்துவிட்டது. 16 ஜிபி வேண்டிய இடத்தில் 8 ஜிபி ஒன்றை மட்டும் போட்டோம். சூமும் குரோமும் சேர்ந்து திறந்தால் மூச்சு வாங்கும்தான். ஆனால் இன்னொரு இடம் வெறுமையாக இருக்கிறது, மருமகளே மூடியைத் திறந்து அழுத்திவிடுவாள். விலை இறங்கட்டும் என்று அத்தான் காத்திருக்கிறார். இறங்காது, தவணைப் பரீட்சைக்கு முதல் எடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.